லிஸ்பன் வரை போன கயிறு

அமலன் மோத்தாவைக் கேட்டால், உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்பான். தண்ணீருக்குக் கீழே போகிறவர்கள் ஒரு வகை. மேலே உட்கார்ந்து பிடிக்கிறவர்கள் இன்னொரு வகை. கீழே போகிறவனுக்குச் சங்கு கிடைக்கும், பேரும் கிடைக்கும். மேலே இருக்கிறவனுக்கு வெயில் கிடைக்கும். அமலன் வெயில் கிடைத்த வகை.

தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற வள்ளம் ஒன்றில் அவனுக்கு வேலை. அவனுடைய தங்கை ஸ்டெபியின் புருஷன் பெவின் மிராண்டா முகமூடியை மாட்டிக்கொண்டு, வாயில் காற்றுக் குழாயைக் கவ்விக்கொண்டு கடலுக்குள் இறங்குவான். குழாயோடு சேர்த்து இடுப்பில் ஒரு கயிறும் இருக்கும். அதன் மறுமுனை அமலன் கையில். கயிறு ஒரு தடவை அசைந்தால் எல்லாம் சரி. விடாமல் அசைந்தால் உயிர் போகிற அவசரம், இழு என்று அர்த்தம். இடைப்பட்ட நேரம் முழுக்க அமலன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பேச்சுக் கொடுக்கக்கூட ஆள் கிடையாது. வாயாடியான ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்திருக்க முடியாது.

இந்த வேலை அவனுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு பழைய வழக்கம் காரணம். முன்னே இந்தக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் குழாய் எல்லாம் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்குவார்கள். அப்போது மேலே கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருப்பான், அதாவது குளிப்பவனின் மனைவியோடு கூடப்பிறந்தவன். கீழே போனவன் திரும்பி வராவிட்டால் தாலி அறுப்பது அவனுடைய சொந்தத் தங்கை. அப்படிப்பட்டவன் கயிறு அசைகிற நேரத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருக்க மாட்டான். பங்காளி கையில் மட்டும் கயிற்றைக் கொடுக்கவே மாட்டார்கள். பங்காளி என்றால் ஒரே பரம்பரைப் பேர் உள்ளவன், வீட்டிலும் வள்ளத்திலும் பங்கு உள்ளவன். இழுக்கலாமா வேண்டாமா என்று அவன் ஒரு நொடி யோசித்துவிட்டால் கதை முடிந்தது. முத்துக்குளிப்பு நின்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. முத்து போய்விட்டது. மச்சான் மட்டும் போகவில்லை.

ஸ்டெபிக்குக் கல்யாணம் ஆகும்வரை அமலன் வி.இ. ரோட்டில் ஒரு செல்போன் கடையில் ஏசி காற்றில் உட்கார்ந்திருந்தான். போன் கண்ணாடிக்கு மேல் ஒட்டுகிற தாளைக் குமிழி விழாமல் ஒட்டுவதில் அவன் கெட்டிக்காரன். கல்யாண விருந்து செரிப்பதற்குள் பெவின் வந்து, "மச்சான், திங்கக்கிழமை வள்ளத்துக்கு வந்திருங்க" என்றான். மாப்பிள்ளை கடலைச் சுற்றிக் காட்டப் போகிறான் என்று நினைத்து, அமலன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு போனான். கரை மறைவதற்குள் வாந்தி. மறுநாளும் வாந்தி. முதல் ஆறு மாதம் அந்தப் பக்கத்து மீன்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டது அவன்தான் என்று துறைமுகத்தில் சொல்வார்கள். தலையைப் படகுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் மட்டும் கயிற்றை விடாமல் பிடித்திருப்பான்.

அப்படிப்பட்ட அமலனின் வாழ்க்கையில் ஒரு சுவர் வந்தது.

கடற்கரை ரோட்டில் உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற பழைய கிட்டங்கி ஒன்று இருக்கிறது. அதன் நீண்ட சுவரில் பெரிய ஓவியம் வரையப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. வரைகிறவள் பேர் ஜெப்ஸி. பக்கத்து நாசரேத் ஊர்ப் பெண், சென்னையில் ஓவியம் படித்தவள். வரைகிற ஆளைச் சுவர் உயரத்துக்குத் தூக்கிவிடுகிற லாரி ஒன்றும், வண்ண வாளிகளும், தலையில் ஒரு தொப்பியுமாக வந்து இறங்கினாள். சுவரில் கடலுக்கு அடியில் ஒரு முத்துக் குளிப்பவன் வர வேண்டும், அதற்கு நிஜமாகக் குளிக்கிற ஆள் ஒருவர் மாதிரிக்கு நிற்க வேண்டும் என்று கேட்டாள். ஊரே பெவினைக் கைகாட்டியது. பெவினுக்கு நல்ல தோள், நல்ல பல். அவன் கைகளை விரித்து நீந்துவதுபோல் நின்றான். அவனுடைய துண்டைப் பிடித்துக்கொண்டு அமலன் பக்கத்தில் நின்றான்.

ஜெப்ஸி பெவினின் இடுப்பில் ஒரு கயிற்றை வரைந்தாள். அமலனின் நெஞ்சுக்குள் மத்தாப்புப் பூத்தது. கயிறு வந்துவிட்டது என்றால் பிடிக்கிற ஆளும் வரத்தானே வேண்டும்? யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், அங்கே நின்றபடியே குடும்ப வாட்சப் குழுவில் செய்தி போட்டான். "நானும் மாப்பிள்ளையும் பீச் ரோட்டுச் சுவரில் வருகிறோம். நாற்பது அடி உயரம். திறப்பு விழாவுக்கு அனைவரும் வரவும்."

பதில்கள் மழையாகக் கொட்டின. மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பா மகன், "சுவத்துல படம் ஒட்டுற அளவுக்கு என்னலே செஞ்ச? போலீஸ் தேடுதா?" என்று குரல் பதிவு அனுப்பினான். புன்னைக்காயலில் இருக்கும் முத்துக்கனி அத்தை, திறப்பு விழாவுக்கு வேன் பேசியாகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அமலனின் மனைவி அனிஷா புதுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தாள். டீக்கடை ஜேசுபாதம் அண்ணாச்சி, "வாங்க சுவரு" என்று கூப்பிட ஆரம்பித்தார்.

இரண்டு மூன்று நாள் அமலன் தரையில் நடக்கவில்லை. அப்புறம்தான் முழுப் படத்தையும் பார்த்தான்.

ஜெப்ஸி அதை ஒரு கணினிப் பலகையில் வைத்திருந்தாள். கீழே நீலக் கடல், சிப்பிகள், சுறா, நடுவில் பெவின். அவன் இடுப்பிலிருந்து கிளம்பிய கயிறு வளைந்து வளைந்து மேலே ஏறி, கப்பல்களைத் தாண்டி, சுவரின் வலது ஓரத்தில் போய் முடிந்துவிட்டது.

"ஏம்மா, கயிறு பாதியில நிக்கே. பிடிக்கிற ஆளு எங்க?"

"அவரு அங்க இருக்காரு அண்ணே. லிஸ்பன்ல."

"எங்கன?"

"லிஸ்பன். போர்ச்சுகல்ல இருக்க துறைமுகம். அங்கயும் ஆத்தங்கரையில இதே மாதிரி ஒரு சுவரு. என் கூட்டாளி மார்த்தா வரையுதா. நம்ம சுவத்தை விட்டு வெளிய போற கயிறு அவங்க சுவத்துக்குள்ள வரும். அங்க ஒரு ஆளு பிடிச்சிருப்பாரு. ரெண்டு ஊரையும் ஒரே கயிறு கட்டும்."

அமலனுக்குக் காது அடைத்தது. புன்னைக்காயல் வேன் ஹாரன் அடிப்பது மாதிரி இருந்தது.

"அதெப்படிம்மா? கயிறை மச்சான்தான பிடிக்கணும்? இது எங்க வழக்கம்."

"தெரியும் அண்ணே. அதனாலதான் இப்படி வரையுதேன்" என்று ஜெப்ஸி தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள். "ஐநூறு வருஷத்துக்கு முந்தி அவங்க கப்பல்ல வந்தாங்க. மூச்சைப் பிடிச்சு இறங்குனது நம்ம ஆளுக. முத்து போய்ச் சேந்தது அவங்க ராணி கழுத்துல. அப்புறம் டச்சுக்காரன், அப்புறம் இங்கிலீஷ்காரன். குளிக்கிறது நாம, கயிறு எவன் கையிலயோ. அதைப் பாக்கிறவங்க யோசிக்கணும்."

அமலன் யோசித்தான். நல்ல விஷயமாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்கு எரிச்சல்.

"முத்தை மட்டும் தூக்கிட்டு ஆளை விட்டுட்டுப் போறவன் ஏவாரிம்மா. ஏவாரி கையில எவனாவது கயிறு குடுப்பானா?"

"குடுக்கல அண்ணே. பிடுங்கிட்டாங்க."

 அமலன் வாயில் ஈ போவது தெரியாமல் நின்றான்.

மறுநாளிலிருந்து அவன் படையெடுப்பு ஆரம்பித்தது. கடலிலிருந்து வந்ததும் குளித்து, பவுடர் போட்டு, சுவருக்கு எதிரே ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான். ஜெப்ஸி திரும்பிப் பார்த்தால் தற்செயலாக உட்கார்ந்திருப்பதுபோல் வானத்தைப் பார்ப்பான். ஒரு நாள் ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கிக்கொண்டு போனான். முந்திரியும் முட்டையும் சீனியும் சேர்த்து அடித்துச் சுட்ட தூத்துக்குடி மக்ரூன். வாயில் போட்டால் கரைந்துவிடும், மனசும் கரையும் என்பது அவன் எண்ணம்.

"தங்கச்சி, ஒரு மூலையில மண்டை மட்டும் போதும். அந்தா, இடது பக்கம் காலியாத்தான கிடக்கு."

"அது சுறா வர்ற இடம் அண்ணே."

"எவ்வளவு பெரிய சுறா?"

"பெருசு."

"கொஞ்சம் சின்னதா வரைஞ்சா கடல் கோவிச்சுக்குமா?"

ஜெப்ஸி மக்ரூனைத் தின்றாள். சுறாவைச் சின்னதாக்கவில்லை.

பெவின் தன் பங்குக்குக் கேலி செய்தான். "மச்சான், சுறா வாயில பாதி ஆளாவாவது கேளுங்க. காலு மட்டும் வெளிய தெரிஞ்சாலும் நம்ம சனம் கண்டுபிடிச்சிரும்." அனிஷா மட்டும் சிரிக்கவில்லை. "ஜாக்கெட் தைச்சாச்சு. உங்க அத்தை வேன்ல ஆள் சேத்துக்கிட்டு இருக்கா. சுவத்துல நீங்க இல்லன்னா, அந்தச் சேலையை உங்களுக்கே கட்டிவிட்டு ரோட்டுல நிறுத்திருவேன்" என்றாள். அவள் சொன்னதைச் செய்யக்கூடியவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லிஸ்பன் சுவரோடு பேச ஏற்பாடு ஆகியிருந்தது. ஜேசுபாதம் அண்ணாச்சி தன் கடை டிவியைக் கொண்டுவந்து சுவருக்கு அடியில் ஸ்டூலில் வைத்தார். இங்கே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது, அங்கே அப்போதுதான் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. பூசைக்குக் காலையிலேயே போய்விட்டு வந்த கூட்டம், வேறு வேலை இல்லாததால் மொத்தமாகக் கூடிவிட்டது. ஸ்டெபி இடுப்பில் பிள்ளையோடு முன்வரிசையில் நின்றாள்.

திரையில் ஒரு பெரிய ஆறு தெரிந்தது. பக்கத்தில் பாதி வரைந்த சுவர். மார்த்தா குட்டை முடியோடு கை ஆட்டினாள். ஜெப்ஸியும் அவளும் இங்கிலீஷில் பேசினார்கள், ஜெப்ஸி ஊருக்குத் தமிழில் சொன்னாள். பிறகு மார்த்தா ஒரு ஆளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். தடித்த கழுத்து, நரைத்த மீசை, கையில் ஒரு கயிறு. கயிறு பிடிக்கிற உருவத்துக்கு மாதிரியாக நிற்பவர் இவர்தான். ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் ஓடுகிற படகில் வேலை பார்ப்பவராம். அவர் குனிந்து வணக்கம் போட்டார். கூட்டம் விசில் அடித்தது.

"உங்க பாஷை எங்ககிட்டயும் கொஞ்சம் கிடக்குன்னு சொல்லும்மா" என்றார் ஜேசுபாதம். உடனே ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். "ஜன்னல்!" "சாவி!" "மேசை!" "அலமாரி!" ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்த மனிதர் கண்ணை விரித்து, தன் ஊர் உச்சரிப்பில் அதையே திருப்பிச் சொன்னார். ஒரு பொடியன் உற்சாகத்தில் "பரோட்டா!" என்று கத்த, அவர் அதையும் விடாமல் யோசித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அமலன் மட்டும் பின்னால் ஒரு வாளிமேல் உட்கார்ந்திருந்தான். திறப்பு விழாவுக்கு முதல் நாள் காய்ச்சல் வரவழைப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

"அவரு பேரென்ன?" என்று கேட்டாள் ஸ்டெபி.

ஜெப்ஸி கேட்டுச் சொன்னாள். "ரூயி. ரூயி மிராண்டா."

"ஏலே பெவினு, உங்க ஆளுலே!" என்று யாரோ கத்தினார்கள். பெவின் சந்தோஷத்தில் குதித்தான். தன் நெஞ்சில் தட்டி, "மிராண்டா! மிராண்டா!" என்றான். அந்தப் பக்கம் ரூயியும் தன் நெஞ்சில் தட்டினார். பட்டாசு வெடிக்காததுதான் குறை.

ஸ்டெபி பிள்ளையை இறக்கிப் பக்கத்தில் நின்றவள் கையில் கொடுத்தாள். சேலை முந்தியை இழுத்துச் செருகினாள். அவள் சண்டைக்குக் கிளம்புகிற அடையாளம் இது என்று அமலனுக்கு நன்றாகத் தெரியும். அவன் வாளியை விட்டு எழுந்துவிட்டான்.

"ஏளா ஜெப்ஸி, இங்கன பாரு. என் புருசனைக் கடலுக்கு அடியில விட்டுட்டு, கயிறைக் கொண்டுபோய்ப் பங்காளி கையிலயா குடுத்திருக்க?"

சிரிப்பு நின்றது. கிழவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அட, ஆமாம். மிராண்டாவுக்கு மிராண்டா பங்காளிதானே?

"அக்கா, இது வெறும் படம்தான்."

"படமா இருந்தா? நான் தெனம் இந்த வழியாத்தான மார்க்கெட்டுக்குப் போவேன். காலையில இவுக கடலுக்குள்ள இருக்க நேரம், நான் இங்கன அண்ணாந்து பாக்கணும். பாத்தா பங்காளி கையில கயிறு. எப்படி இருக்கும் எனக்கு? கூடையை இறக்கி வச்சுட்டு அழுதுக்கிட்டு நிக்கவா?"

"பனங்காயையும் பங்காளியையும் பதம் பாத்துத்தான் வெட்டணும், கொஞ்சம் பொறும்மா" என்று ஜேசுபாதம் சமாதானம் செய்ய வந்தார். "அவரு நிசப் பங்காளி இல்லல்லா. அந்தக் காலத்துல சாமியார்மாரு ஞானஸ்நானம் குடுக்கையில வச்ச பேருதான இதெல்லாம். ரத்தமா, உறவா? வெறும் பேரு."

ஸ்டெபி அவர் பக்கம் திரும்பினாள். "பேரைக் குடுத்தவுக பங்குக்கு வராமலா போனாக, அண்ணாச்சி? நம்ம பங்கையும் சேத்துல்லா கொண்டுபோனாக! இதைவிடப் பங்காளி எப்படி இருப்பான்?"

கைத்தட்டல் கிளம்பியது. அண்ணாச்சியே தட்டினார். ஜெப்ஸி தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் ரூயி பதறிப்போய் நின்றார். தன் பேரைச் சொன்னதற்கு ஒரு பெண் இவ்வளவு கோபப்படுவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். ஜெப்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் மார்த்தாவுக்கு விளக்கினாள். மார்த்தா ரூயிக்கு விளக்கினாள். முத்து, கயிறு, மச்சான், பங்காளி, தாலி. வெகு நேரம் ஆனது. ரூயியின் முகம் சுருங்கி, யோசித்து, சட்டென்று விரிந்தது. தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு அவர் வேகமாகப் பேசினார். அங்கிருந்தவர்களும் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுதாரு?"

"அவரு அண்ணனும் அவரும் அப்பா வீட்டைப் பிரிச்சதுல இருந்து பேசறது இல்லையாம்" என்றாள் ஜெப்ஸி. "அண்ணன் கையில தன் செருப்பைக்கூடக் குடுக்க மாட்டாராம். இந்த அம்மா சொல்லுதது நூத்துக்கு நூறு சரி, பங்காளிகிட்ட கயிறைக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லுதாரு."

கூட்டம் ஆரவாரம் செய்தது. உலகத்தின் மறுகோடியில் உள்ள ஒரு ஊரிலும் அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதில்லை என்று தெரிந்ததில் அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

"அப்ப நிசமா யாரு பிடிக்கான்னு கேக்காரு."

ஸ்டெபி திரும்பினாள். அமலனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து டிவிக்கு முன்னால் நிறுத்தினாள். "இவன்தான். எங்க அண்ணன். கடலு இவனுக்கு ஆகாது. வாந்தி எடுத்துக்கிட்டே கயிறைப் பிடிச்சிருந்தான். இவன் மேல இருக்கான்னுதான் நான் வீட்டுல சோறு பொங்குதேன். இதை அப்படியே சொல்லும்மா, ஒரு வார்த்தை விடாத."

இத்தனை நாளாக இந்த ஒரு நிமிஷத்துக்காக அமலன் என்னென்னவோ பேசத் தயார் செய்து வைத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. ஏசி கடையை விட்டு வந்ததற்காகத் தங்கை ஒரு நாளும் நன்றி சொன்னது கிடையாது, அவனும் எதிர்பார்த்தது கிடையாது. இப்போது ஊர் முன்னால், லிஸ்பன் முன்னால், வாந்தியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்து விக்கல் எடுத்தது. விக்கிக்கொண்டே திரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

ரூயி அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். மெதுவாக ஏதோ சொன்னார். இந்தத் தடவை மார்த்தா சிரிக்கவில்லை, துள்ளினாள்.

"அவரு வேலை கயிறு பிடிக்கிறது இல்லையாம் அண்ணே" என்றாள் ஜெப்ஸி.  "படகு கிளம்பும்போது கரையில கட்டுன கயிறை அவிழ்த்து விடுறதுதான் தினமும் அவரு வேலையாம். 'நான் பிடிச்சிருக்க மாதிரி வரையாதிய, அவிழ்க்கிற மாதிரி வரைங்க. பிடிக்க வேண்டியவன் உங்க ஊர்லயே இருக்கானே'ங்கறாரு."

அவள் எழுந்து கிட்டங்கிச் சுவரைப் பார்த்தாள். இடது ஓரத்தைப் பார்த்தாள். "சுறா போச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அமலன் அன்றைக்கே முடிவெட்டிக்கொண்டான். கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய் ஜெப்ஸியிடம் கொடுத்தான். அவள் அதைத் திறக்கவே இல்லை. "நான் வள்ளத்துக்கு வாரேன்" என்றாள். சொன்னபடி மறுநாள் காலையில் வந்து, வள்ளத்தின் பின்பக்கம் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து வரைந்தாள். அமலன் தலையைச் சீவிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் புன்னகை செய்தான்.

"என்னைப் பாக்காதிய அண்ணே. கடலைப் பாருங்க."

கீழே பெவின் இருந்தான். அமலன் கடலைப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் அவள் அங்கே இருப்பதையே மறந்துவிட்டான்.

அதன்பிறகு சுவரின் இடது பக்கத்தைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டாள். கெஞ்சியும் காட்டவில்லை. அமலன் தார்ப்பாய்க்கு அடியில் தலையை விட்டுப் பார்த்ததில் கணுக்கால் ஒன்று தெரிந்தது. தன்னுடையதுதான் என்று வீட்டில் சத்தியம் செய்தான்.

திறப்பு விழா அன்று கடற்கரை ரோட்டில் நிற்க இடமில்லை. புன்னைக்காயல் வேனிலிருந்து முத்துக்கனி அத்தை முதல் ஆளாக இறங்கினாள். பின்னால் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த வேனுக்குள் அத்தனை பேர் எப்படி இருந்தார்கள் என்று டிரைவருக்கே ஆச்சரியம். அனிஷா புதுச் சேலையில் வந்தாள். அமலன் முழுக்கைச் சட்டையில் நெளிந்துகொண்டு நின்றான். மேளம் முழங்கியது. தார்ப்பாய் சரிந்து விழுந்தது.

கடலுக்கு அடியில் பெவின் முகத்தை அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்புக் கயிறு நேரே மேலே வந்து, வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் வலது கைக்குள் போனது. அந்தக் கையைத் தாண்டி மிச்சக் கயிறு தளர்ந்து, கப்பல்களுக்கு மேலாகச் சுவரின் வலது ஓரம் வழியாக லிஸ்பன் பக்கம் நீண்டு போனது. வள்ளத்தில் இருந்தவன் நாற்பது அடிச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தான். அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

வேன் சனம் இடமும் வலமுமாக எட்டிப் பார்த்தது.

"மூஞ்சி எங்கலே?" என்றாள் முத்துக்கனி அத்தை.

அமலன் சுவரையே பார்த்தான். பரந்த முதுகு. உச்சியில் சிறு வழுக்கை. சட்டையின் தோளில் ஒரு கிழிசல், அதன்மேல் வேறு நிற நூலில் கோணலாகப் போட்ட தையல். கிட்டத்தட்ட ஒரு ஆள் நீளத்துக்கு அந்தத் தையல் இருந்தது.

"ஐயோ மாதாவே!" என்று அனிஷா தலையில் கைவைத்தாள். "அவசரத்துல பச்சை நூலுல தைச்சுவிட்டேன். அதையும் ஊருக்கே காட்டிட்டாளே பாவி!"

"அப்ப அது அமலன்தான்!" என்று அத்தை கத்தினாள். வேன் முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது. "அமலன்தான்! அமலன்தான்!" பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ அனிஷாவின் தையலைப் படம் எடுத்து மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அமலன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜெப்ஸியிடம் போனான். "தங்கச்சி, எல்லாம் சரி. ஒரு ஓரமா, பாதி மூஞ்சியாவது திருப்பியிருக்கலாம்லா?"

"நீங்க திரும்புனா கயிறை யாரு பாப்பா அண்ணே?"

அமலன் மறுபடியும் அண்ணாந்தான். தண்ணீருக்கு அடியிலிருந்து பெவின் மேலே பார்த்துக்கொண்டிருந்தான். வள்ளத்தில் இருக்கிறவனின் முகத்தைப் பார்க்க முடிகிற ஒரே ஆள் அவன்தான். அவன் பயப்படவே இல்லை. யாரையோ பார்த்துச் சிரிப்பை அடக்குகிற மாதிரி இருந்தான். பக்கத்தில் நின்ற ஸ்டெபியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

 அமலன் அப்படியே ரோட்டில் ஒரு ஆட்டம் போட்டான். வேன் சனம் கை தட்டியது.

பத்திரிகைக்காரர் ஒருவர் கேமராவோடு ஓடிவந்தார். "சார், சுவத்துல இருக்கிறது நீங்கதானா? அப்படியே இங்கன திரும்பி நில்லுங்க."

"திரும்ப மாட்டேன்" என்றான் அமலன். சுவரைப் பார்த்து நின்று, முதுகைக் கேமராவுக்குக் கொடுத்தான்.

"நல்லாத்தான் இருக்கு, நாங்களும் நிக்கோம்" என்று அத்தை வந்து அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினாள். வேனில் வந்த அத்தனை பேரும் தள்ளுமுள்ளு செய்துகொண்டு வரிசையாக முதுகைக் காட்டி நின்றார்கள். அனிஷா புதுச் சேலையின் முந்தி நன்றாகத் தெரியும்படி விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள். ஸ்டெபி அண்ணனுக்கு அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டாள். பத்திரிகைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"யாராவது ஒருத்தராவது முகத்தைக் காட்டுங்கப்பா!"

"அதான் சுவத்துல மாப்ள காட்டுதானே, அவனை எடுங்க" என்றான் அமலன் திரும்பாமலே.